குதிரைகளுக்குப் புல் இல்லாத மாரி

போன ஆவணியில் மாதா திருவிழாப் பூசை முடிந்து மண்டபத்தில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஜெயந்தன் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவன். சூக் நகரத்தில் ஒரு நிறுவனத்தில் கணினி வேலை.

“அங்கிள், நீங்கள் குதிரைக்கு வைக்கோல் போட்ட ஆள்தானே? மகள் குதிரை ஒண்டு வேணும் எண்டு ஒற்றைக்காலில நிக்கிறாள். நல்ல குதிரை எண்டால் என்ன விலை வரும்?”

“குதிரையின்ர விலையை விடு. ஒரு மாரிக்கு அது தின்னுற புல்லு என்ன விலை, எங்க கிடைக்கும் எண்டு முதல்ல விசாரி.”

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்து அவன் சிரித்தான். புரியாணித் தட்டை வைத்துக்கொண்டு விளக்குகிற விசயம் இல்லை என்பதால் நானும் விட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, எழுதித்தான் கொடுப்போமே என்று தோன்றியது. ஓய்வு எடுத்து இரண்டு வருடமாகிறது. நேரம் நிறைய இருக்கிறது.

நான் இருபத்துநாலு வருடம் போட்டது வைக்கோல் அல்ல. தானியக் கதிரை அறுத்த பின் மிஞ்சும் தாள்தான் வைக்கோல். குதிரைக்கு அது படுக்கை. தின்னக் கொடுப்பது, பூக்கிற பருவத்தில் வெட்டி, வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்த புல். இங்கத்தைய ஜெர்மன் பேச்சில் அதை ஹொய் என்பார்கள். ஐப்பசியில் மேய்ச்சல் முடிந்தால் சித்திரை வரைக்கும், குளிர்கால மாரி முழுக்க, குதிரைக்கு இதுதான் சோறு. ஒரு நாளைக்கு எட்டு, ஒன்பது கிலோ தின்னும். நாலு மணித்தியாலத்துக்கு மேல் வயிறு வெறுமையாகக் கிடந்தால் புண் வரும், குடல் பிசகும். நாங்கள் ஒரு நேரச் சாப்பாட்டை விட்டுப் பிடிப்பதுபோல அதற்கு முடியாது.

ஊஸ்டர் என்ற ஊருக்கு வெளியே இருந்த அந்த லாயத்துக்கு நான் குதிரை ஆசையில் போகவில்லை. சூக்கில் நான் கோப்பை கழுவிய உணவகத்தை மூடிவிட்டார்கள். வேலை தேடித் தரும் அலுவலகம் இந்த விலாசத்தை எழுதித் தந்தது. மன்னார்த் தெருக்களில் கழுதைகளோடு வளர்ந்தவன் நான், குதிரையைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. முதல் மாதம் பயத்திலேயே போனது. முதல் வருடம் முடிகிறபோது எந்தக் குதிரை எந்தக் காலைத் தூக்கினால் என்ன அர்த்தம் என்று தெரிந்திருந்தது. அவ்வளவுதான் என் படிப்பு.

லாயத்தில் இருபத்துநாலு குதிரைகள். எல்லாம் மற்றவர்களுடையவை. சொந்தக்காரர்கள் மாத வாடகை கட்டுவார்கள், தீனி போடுவதும் துப்புரவு செய்வதும் எங்கள் பொறுப்பு. நடத்தியவர் ஃபிராவ் எக்லி; பெண்களை மரியாதையாகக் கூப்பிட ஃபிராவ், ஆண்களுக்கு ஹெர். உயரமான, மெலிந்த பெண்மணி. தகப்பனிடமிருந்து வந்த இடத்தைத் தனியாளாகப் பார்த்தார். அதிகம் கதைக்கமாட்டார். சேர்ந்த முதல் கிழமை என்னைக் கூப்பிட்டுச் சுவரோரம் மூன்று பிடி புல்லை வரிசையாக வைத்து, “எது நல்லது?” என்று கேட்டார். மிகப் பச்சையாக இருந்ததைக் காட்டினேன். பிழை என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பிடியை எடுத்துக்கொண்டு யன்னல் வெயில் விழும் இடத்துக்குப் போய் ஒருமுறை உதறினார். வெளிச்சத்தில் தூசி புகைபோல எழும்பியது. அது பூஞ்சணத் தூசி, அதைத் தின்கிற குதிரைக்கு இருமல் வரும். பிறகு மற்றொரு பிடியை, பழுப்புநிறத்தில் நான் கழித்துவிட்டதை, உதறினார். ஒன்றும் எழும்பவில்லை. இரண்டையும் என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார்.

புல் வாங்கும் நாளில் அவர் நடந்துகொள்ளும் விதம் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. மேலோட்டமாகப் பார்க்கவேமாட்டார். கட்டுக்குள் கையை முழங்கை வரை விட்டு நடுவிலிருந்து ஒரு பிடி எடுப்பார். முதலில் மணப்பார். நல்ல புல்லில் தேயிலைப் பெட்டி திறந்த வாசம் வரும். சீனி காய்ச்சிய வாசம் வந்தால் உள்ளே சூடேறியிருக்கிறது. பிறகு கயிறுபோல முறுக்குவார். ஈரம் இருந்தால் முறியாமல் வளையும். கடைசியாக வெயிலில் உதறுவார். எல்லாம் முடிந்ததும் அதே பிடியை என்னிடம் நீட்டிவிட்டு, நான் சொல்லும் வரை தன் அபிப்பிராயத்தைச் சொல்லமாட்டார். புதிதாக வெட்டிய புல்லை எட்டுக் கிழமை, அதாவது இரண்டு மாதம், தொடவிடமாட்டார். அது அடங்கவேண்டும். ஒரு மீற்றர் நீளமான இரும்புக் கம்பி வெப்பமானி வைத்திருந்தார். அதைக் கட்டுகளுக்குள் குத்தி, சூட்டைக் கதவில் சோக்கட்டியால் எழுதுவது என் வேலை. அடங்காத புல் தானாகவே தீப்பிடிக்கும் என்பதை நான் அங்கேதான் அறிந்தேன்.

இப்படியே பதினைந்து வருடம் போனது. பிறகு அந்த வறட்சி வந்தது.

வைகாசியிலிருந்தே மழை இல்லை. முதல் வெட்டு வழக்கத்தில் பாதிகூட இல்லை. இரண்டாவது வெட்டுக்குப் புல்லே வளரவில்லை, மேய்ச்சல் நிலம் பாய்போலக் காய்ந்து கிடந்தது. எங்களுக்கு வழக்கமாக விற்கும் கமக்காரர்கள் இருவரும், “எங்கட மாட்டுக்கே காணாது” என்று கையை விரித்துவிட்டார்கள். அவர்களில் பிழை சொல்ல முடியாது. புரட்டாசிக்குள் விலை இரட்டிப்பாகிவிட்டது. அந்த விலைக்கும் பிரான்சிலிருந்து எப்போதாவது ஒரு லொறி வந்தால் உண்டு. ஃபிராவ் எக்லி வாடகையைக் கூட்டினார். அந்தக் கடிதத்தை எழுத அவருக்கு மூன்று நாள் பிடித்தது.

கடிதம் போன கிழமை மொனிக்கா என்னிடம் வந்தார். தபால் விநியோகிக்கும் வேலை செய்கிறவர். கணவர் இல்லை, நீரோ என்ற கிழட்டுக் குதிரை மட்டும் இருந்தது. அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்:

“டோனி, வயது போன குதிரை கொஞ்சம் குறைவாகத் தின்னும்தானே?”

என் பெயர் அந்தோனி. அங்கே எல்லாருக்கும் டோனி.

“கூடத்தான் தின்னும், மொனிக்கா. பல்லுத் தேய்ஞ்சால் பாதி வாயிலிருந்து விழுந்துவிடும்.”

அவர் தலையாட்டினார். “அப்படியென்றால் இந்த மாரிக்கு முன்னமே மிருகவைத்தியரோடு கதைக்கவேண்டும். அதைப் பட்டினி போட்டு இழுத்துக்கொண்டிருக்கக்கூடாது.” என்ன சொல்கிறார் என்று விளங்கியது. நோயில்லாத குதிரை. ஊசி போட்டு முடித்துவிட நினைக்கிறார். “மார்கழி வரைக்கும் பொறுங்கள்” என்றேன். எதை நம்பி அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

ஐப்பசி முடிவில் ஒரு வியாபாரி தொலைபேசி எடுத்தார். ஒரு லொறி நிறையப் புல் இருக்கிறது, விலையும் பரவாயில்லை, இன்றைக்கே சொல்லவேண்டும். ஃபிராவ் எக்லி பார்க்காமல் வாங்கியது அந்த ஒரு தடவைதான். லொறி வருகிற நாளில் அவருக்கு இடுப்பு எலும்பில் சத்திரசிகிச்சை. ஏற்கனவே இரண்டு தடவை தள்ளிப்போட்டது. மருத்துவமனைக்குப் புறப்படும்போது என்னிடம், “வந்ததும் பாருங்கள். நல்லதென்றால் கையெழுத்து வையுங்கள்” என்றார்.

காலை பத்து மணிக்கு லொறி வந்தது. பெரிய கட்டுகள். சாரதி பட்டியை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான். “பொறுங்கள்” என்று சொல்லி முதல் கட்டைப் பிரித்தேன். அருமையான வாசம், தூசி இல்லை. இரண்டாவதும் அப்படியே. உண்மையில் எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நாலாவது கட்டுக்குள் கைவிட்டபோது விரலில் ஏதோ உருண்டது. எடுத்துப் பார்த்தேன். அக்ரூட் கொட்டை அளவில், பழுப்பு நிறத்தில், கடதாசிபோலக் காய்ந்த ஒரு காய். ஆட்டினால் உள்ளே விதை கிலுகிலுத்தது.

தீனி வைக்கும் அறையில் மிருகவைத்தியர் ஒட்டிவைத்த படத்தில் அந்தக் காயை வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். இலையுதிர் காலத்தில் ஈரநிலப் புல்வெளிகளில் ஊதாநிறத்தில் பூக்கும் ஒரு செடி. அதன் காய் அடுத்த கோடையில்தான் எழும்பும், முதல் வெட்டில் புல்லோடு சேர்ந்து வந்துவிடும். காய்ந்தாலும் நஞ்சு போகாது. எங்கள் கார்த்திகைப் பூக் கிழங்கில் இருப்பதும் இதே நஞ்சுதான் என்று வைத்தியர் ஒருமுறை சொன்ன பிறகு எனக்கு அது மறக்கவே இல்லை. அந்தக் கிழங்கு என்ன செய்யும் என்று எங்கள் பக்கத்தில் தெரியாதவர் உண்டா?

ஏழு கட்டுப் பிரித்தேன். மூன்றில் இருந்தது. மிருகவைத்தியருக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னேன். “ஒரு கட்டில் என்றால் அதைத் தள்ளிவை என்பேன். ஏழில் மூன்று என்றால் லொறியைத் திருப்பு” என்றார்.

சாரதி தன் முதலாளிக்கு எடுத்து, தொலைபேசியை என் காதில் வைத்தான்.

“எக்லியைக் கொடு.”

“அவர் சத்திரசிகிச்சை அறையில்.”

“அப்போ நீ யார்?”

“புல் போடுகிறவன்.”

“புல் போடுகிறவன் புல்லைப் போடு! இன்றைக்கு மட்டும் நாலு லாயம் இந்த லொறியைக் கேட்டது. நீ திருப்பினால் உனக்கு என்னிடம் இனி ஒரு தாள் கிடையாது. உன் முதலாளி கண் முழித்ததும் உன்னை என்ன செய்வார் என்று யோசித்துப் பார்.”

யோசித்தேன்தான். என் மனைவி ரீற்றாவுக்கு அரைநாள் வேலை. இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயதுக்கு மேல். வேறு யார் வேலை தருவார்கள்? ஆனால் கையெழுத்து வைத்தால் ஒருநாள் காலை அதை நீரோவின் வாயில் போடப்போவது என் கை. சீட்டைக் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தேன். “அந்த மற்ற நாலு லாயத்துக்கும் இந்தக் காயைக் காட்டு” என்றேன். சாரதி நல்லவன். ஒரு காயைக் கேட்டு வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனான்.

அடுத்த நாள் பின்னேரம் நெருப்புப்பெட்டிக்குள் மூன்று காய்களோடு மருத்துவமனைக்குப் போனேன். ஃபிராவ் எக்லி கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்தார்.

“எத்தனை கட்டில்?”

“ஏழில் மூன்று.”

“இருப்பு எவ்வளவு நாளைக்கு?”

“ஐந்து கிழமை. நிறுத்துப் போட்டு, நல்ல கோதுமை வைக்கோல் கொஞ்சம் கலந்தால் எட்டுக் கிழமை.”

“கலப்பதை மெதுவாகச் செய்யுங்கள். பத்து நாள் எடுங்கள்.” நெருப்புப்பெட்டியை மூடித் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார். அவ்வளவுதான். கோபமா, ஆறுதலா என்று தெரியாமல் பஸ்ஸில் வீடு வந்தேன்.

அன்றிலிருந்து புல் போடும் ஒவ்வொரு வலைப்பையையும் தராசில் தூக்கி நிறுத்தேன். சிறிய கண் வைத்த வலையில் போட்டால் குதிரை ஒவ்வொரு தாளாக இழுத்து நேரமெடுத்துத் தின்னும். வைக்கோல் கூடினால் குடல் அடைக்கும் என்பதால் சாணத்தை ஒவ்வொரு காலையும் உடைத்துப் பார்த்தேன். இருக்கிற தொலைபேசி எண் எல்லாவற்றுக்கும் எடுத்துப் புல் கேட்டேன். கிடைத்த பதில் எல்லாம் “பங்குனியில் கேளுங்கள்” என்பதுதான்.

வழி திறந்தது ரீற்றாவால். அவள் ஊஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்தாள். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள்:

“எங்கட இல்லத்துக் கிழவர் ஹெர் வெபர் இண்டைக்கும் சூப்பைத் தொடேல்ல. மகன் மாட்டை எல்லாம் வித்துப்போட்டானாம். பரண் நிறையப் புல்லுக் கிடக்காம், ஒருத்தரும் வந்து கேக்கேல்லையாம். அதே கதைதான் ஒவ்வொரு நாளும்.”

நான் கரண்டியை வைத்துவிட்டேன். “என்ன புல்லு?”

“எனக்கென்ன தெரியும்? காய்ஞ்ச புல்லு.”

“எவ்வளவு நாளாச் சொல்லுறார்?”

“ஒரு மாசமா. ஏனப்பா இப்பிடி முழுசிறியள்?”

அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு இருவரும் பௌமா என்ற ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த வெபர் வீட்டுக்குப் போனோம். மகன் பீற்றருக்கு ஐம்பது வயதிருக்கும். முதுகு வருத்தத்தால் முன் வருடம் மாடுகளை விற்றுவிட்டு மரஆலைக்கு வேலைக்குப் போகிறவர். மாட்டுத் தொழுவத்தின் மேலே பரணைத் திறந்து காட்டினார். கூரை முட்டப் புல். ஆனால் கட்டவில்லை. பழைய முறைப்படி அப்படியே உதிரியாகக் காற்றுக் குழாயால் ஊதி ஏற்றியிருந்தார்கள்.

“வியாபாரிகள் வந்தார்கள். கட்டு இல்லை என்றதும் காரைவிட்டு இறங்கவில்லை” என்றார்.

ஏணியில் ஏறி மேலே இருந்த படையை விலக்கினேன். அதில் பூஞ்சணமும் பூனை எச்சமும் இருந்தன. கீழே தோண்டித் தோள் வரை கையைவிட்டு ஒரு பிடி எடுத்தேன். மணந்தேன். பரண் யன்னலில் உதறினேன். ஏழெட்டு இடத்தில் இப்படிச் செய்தேன். சரிவு நிலத்துப் புல், மென்மையானது, காய்கள் ஒன்றும் இல்லை. இறங்கி வந்தபோது என் முகத்தைப் பார்த்தே ரீற்றா சிரித்துவிட்டாள்.

“என்ன விலை?” என்று பயந்து பயந்து கேட்டேன்.

“போன வருட விலை,” என்றார் பீற்றர். “போன வருடப் புல்தானே. ஆனால் நீங்களே ஏற்றவேண்டும். என்னால் ஏலாது.”

ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்திருந்த ஃபிராவ் எக்லியிடம் ஒரு பையில் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தேன். வழக்கம்போல மணந்து, முறுக்கி, உதறி, என்னிடம் நீட்டினார். “நல்லது” என்றேன். “நல்லது” என்றார். அன்றைக்கே லாயக் கதவில் ஒரு தாள் ஒட்டினார்: சனிக்கிழமை எட்டு மணி, குதிரை ஏற்றும் டிரெயிலர் உள்ளவர்கள் கொண்டுவரவும், இல்லாதவர்கள் கையுறையோடு வரவும். வந்து ஏற்றுகிறவர்களுக்குப் பழைய வாடகை.

முதல் சனிக்கிழமை ஒன்பது டிரெயிலர்கள் அந்த ஒடுங்கிய மலைப்பாதையில் வரிசையாக ஏறின. பல்வைத்தியர் ஒருவர் பரணில் நின்று நீளக் கவையால் புல்லைத் தள்ள, மொனிக்கா காலைத் தபால் சுற்றை முடித்துச் சீருடையோடே கீழே நின்று மிதித்து அடுக்கினார். சூக்கிலிருந்து வரும் வங்கிக்காரர் ஒருவருக்கு வாடகை ஒரு பொருட்டே இல்லை. அவரும் வந்தார், புதுக்காரின் இருக்கை எல்லாம் புல்லாகப் போனதற்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்கள் தமிழ்ப் பெடியள் ஆறு பேர் வானோடு வந்தார்கள். பதினொரு மணிக்கு எல்லாரும் தொழுவப் படியில் உட்கார்ந்து ரீற்றா பொரித்த மீன் ரோல்ஸ் சாப்பிட்டார்கள். பல்வைத்தியர் ஐந்து சாப்பிட்டார்.

இப்படி ஏழு சனிக்கிழமைகள். மூன்றாவது கிழமை மட்டும் கடும் பனி கொட்டிப் பாதை மூடிவிட்டது. கையில் இரண்டு நாளுக்குத்தான் இருந்தது. திங்கட்கிழமை மத்தியானம் முற்றத்தில் உழவு இயந்திரச் சத்தம் கேட்டு ஓடிப்போனேன். சக்கரத்துக்குச் சங்கிலி கட்டி, பின்னால் ஒரு பெட்டி நிறையப் புல்லோடு பீற்றர் வந்து நின்றார். இடுப்பில் அகலமான பட்டி கட்டியிருந்தார்.

“உங்களால் ஏலாது என்றீர்களே?”

“ஏலாதுதான்,” என்றார். “இறக்குவது நீங்கள்.”

மாசி மாதத்தில், புல் போதும் என்று நிச்சயமான பிறகு, ரீற்றா இல்லத்தில் அனுமதி கேட்டு ஹெர் வெபரைச் சக்கரநாற்காலியில் லாயத்துக்குக் கூட்டிவந்தாள். தன் புல்லைத் தின்கிறவர்களைப் பார்க்கவேண்டும் என்று அவர் கேட்டிருந்தாராம். வாழ்நாள் முழுக்க மாடு வளர்த்தவர். குதிரைகளை மேலும் கீழும் பார்த்தார்.

“பால் தருமா?”

“தராது” என்றேன்.

“உழுமா?”

“இல்லை.”

“பிறகென்னத்துக்கு இதுகள்?” என்றவர் நீரோவின் முன்னால் நிறுத்தச் சொன்னார். அது தேய்ந்த பல்லால் மென்று மென்று பாதியைக் கீழே சிந்திக்கொண்டிருந்தது. கிழவருக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியிலிருந்து குனிந்து, சிந்திய புல்லைப் பொறுக்கி, ஒரு பிடி சேர்ந்ததும் அதன் வாயடியில் நீட்டினார். அது வாங்கித் தின்றது. மறுபடி சிந்தியது. மறுபடி பொறுக்கினார். ஒரு மணித்தியாலம் அப்படியே போனது. அன்றைக்கு இல்லத்தில் இரண்டு கோப்பை சூப் குடித்தாராம். நீரோ அதற்குப் பிறகு மூன்று மாரி இருந்தது.

அவர்கள் போன பின் ஃபிராவ் எக்லி என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டுக் கோப்பி ஊற்றினார். ஜெர்மனிலும் எங்களைப்போல ‘நீங்கள்’, ‘நீ’ என்று இரண்டு உண்டு. ‘நீ’ சொல்லிப் பழக வயதில் மூத்தவர்தான் கேட்கவேண்டும். பெயரைச் சொல்லிக் கைகொடுப்பார்கள். மற்ற லாயங்களில் முதல் நாளே அது நடந்துவிடும். இவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு எழும்பி நின்று கையை நீட்டினார்.

“நான் வெரேனா.”

“நான் அந்தோனி” என்றேன்.

“டோனி இல்லையா?”

“அந்தோனி.”

“அந்தோனி,” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “அந்த லொறியை நான் நின்றிருந்தால் இறக்கியிருப்பேன். எனக்கு அவ்வளவு பயம் அப்போது. அதை உனக்குச் சொல்லவேண்டும் என்று இருந்தேன்.”

அன்றைக்கு முழுக்க அவரை எப்படியும் கூப்பிடாமல் சமாளித்தேன். இவ்வளவு வயதான, நான் இவ்வளவு மதிக்கிற ஒருவரை ‘நீ’ என்று சொல்ல நாக்கு எழும்பவில்லை. அடுத்த நாள் காலை குளிர் அதிகம். குதிரைகளின் தண்ணீர்க் குழாய் உறைந்துபோயிருந்தது. முற்றத்தின் மறுகரையில் அவர் ஊன்றுகோலோடு மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். யோசிக்க நேரமில்லை.

“வெரேனா!” என்று கத்தினேன். “சுடுதண்ணி கொண்டு வா!”

அவர் நின்று திரும்பிப் பார்த்தார். பிறகு ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டிவிட்டு, தண்ணீர் கொதிக்கவைக்கப் போனார்.